இருபது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த கேமரா



கடந்த ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வதற்காகப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். பழைய கிதாபுகளுக்கும் வாப்பாவின் கடிதக் கட்டுகளுக்கும் அடியில் என் கேமரா கிடந்தது. யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000. எனக்குப் பதினாறு வயதாக இருக்கையில், சவூதியிலிருந்து விடுப்பில் வந்த வாப்பா எனக்கெனக் கொண்டுவந்தது. உறையைக் கழற்றியதும் அதன் மேலிருந்த கறுப்புத் தோல் செதில் செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. பின்மூடியின் விளிம்பில் ஒளி புகாமல் தடுக்கும் நுரைப் பஞ்சு, தார்போல் பிசுபிசுத்துப் போயிருந்தது. லென்சின் உள்ளே மெல்லிய வேர்களைப் போல் பூஞ்சை படர்ந்திருந்தது. கடற்கரை ஊரில் வாழ்பவர்கள் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் எந்தக் கண்ணாடிக்கும் நேர்கின்ற கதிதான் அது.

ஆயினும் பொத்தானை அழுத்தியபோது ஷட்டர் திறந்து மூடியது. அந்த வகைக் கேமராவில் ஷட்டர் முழுவதும் இயந்திர முறையில் இயங்குகிறது. உள்ளே போடும் சிறு மின்கலங்கள் ஒளியை அளப்பதற்கு மட்டுமே. எனவே இருபது ஆண்டுகள் மின்கலமின்றிக் கிடந்தும் அதற்கு உயிர் இருந்தது. அந்த ஓசையைக் கேட்டு என் இளைய மகள் ஓடிவந்து, "இதில் வாப்பும்மா படம் இருக்கா, வாப்பா?" என்று கேட்டாள்.

இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்காகவும், நாற்பத்தாறு வயதில் ஒரு மத்ரஸா ஆசிரியர் மீண்டும் கேமராவைத் தூக்குவது தகுமா என்று என்னிடம் நேரிலும் மறைவிலும் கேட்கப்படும் கேள்விக்கு விடை கூறுவதற்காகவுமே இதை எழுதுகிறேன்.

ஓதி முடித்து வெளிவந்த காலத்தில் நான் மிகுந்த உறுதியோடு இருந்தேன். எங்கள் உஸ்தாத் உருவப்படங்களை அறவே வெறுத்தவர். கேமராவால் எடுப்பதும் கையால் வரைவதும் ஒன்றே என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு அவரிடம் வலுவான ஆதாரங்களும் இருந்தன. நான் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கேமராவைப் பெட்டியில் பூட்டினேன். வீட்டுச் சுவரிலிருந்த படங்களையும் கழற்றினேன். அடுத்த ஆண்டு என் நிக்காஹ்வுக்கு முந்தைய நாள், உம்மா புதுச்சேலை உடுத்திக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்து, "என்னை ஒண்ணு எடுத்து வையேன் மவனே" என்றார்கள். நான் எடுக்கவில்லை. எடுக்காததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கால் மணி நேரம் அவர்களுக்கு ஹதீஸ் விளக்கமும் சொன்னேன். உம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

இப்போது உம்மா இல்லை. அவர்களின் உருவம் பதிந்திருப்பது வாக்காளர் அடையாள அட்டையில் மட்டுமே. அந்த அட்டைப் படங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைக் காட்டினால், அவர்களைப் பெற்ற தாயாலேயே அடையாளம் கண்டிருக்க முடியாது.

அன்று நான் கொண்ட மார்க்கக் கருத்து தவறு என்று இன்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கருத்தில் இருந்து வாழ்ந்து மறைந்த பெரியோர்கள் பலர். ஆனால் அது அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுள்ள ஒரு விஷயம் என்பதை உம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரே கருத்துத்தான் உலகில் உண்டு என்பதுபோல் பேசினேன்.

உருவம் சமைப்போரைக் கண்டிக்கும் நபிமொழிகளும், உருவப்படமுள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்னும் நபிமொழியும் ஆதாரப்பூர்வமானவை. அவற்றில் எவருக்கும் ஐயமில்லை. கேமரா என்னும் கருவி வந்தபின் அந்தச் சொல் இதையும் குறிக்குமா என்பதில்தான் வழக்கு. தேவ்பந்தின் பெரும் அறிஞரான முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள், கருவி மாறினாலும் செயல் ஒன்றே என்று கூறிப் புகைப்படத்தையும் தடையின் கீழ் வைத்தார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முத்தீஈ அவர்களோ இதற்கெனவே ஒரு நூல் எழுதி, புகைப்படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, அல்லாஹ் படைத்ததன் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று வாதிட்டார்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற தேவைகளுக்கு எடுப்பதைத் தடை என்னும் தரப்பினரும் பொதுவாக ஏற்கிறார்கள். திரையில் மட்டும் தோன்றும் படத்தையும் தாளில் அச்சிட்ட படத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும் அறிஞர்களும் உள்ளனர்.

"நிழலைத் தடுத்து நிறுத்துதல்" என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நிழல் நீள்வதைச் சிந்திக்கச் சொல்லும் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் வசனத்தை (25:45) எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன். கேமராவை எண்ணி அதை ஓதியது இந்த ஆண்டுதான்.

என் இப்போதைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைப் படமெடுப்பதை நான் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அது எனக்குப் போதுமான நிலம். தோணி, வலை, பனை, உப்பளம், பள்ளிவாசல் தூண்கள் ஆகியவற்றை எடுத்து முடிக்கவே என் ஆயுள் போதாது. குடும்பத்தார் கேட்டால், அவர்கள் வைத்துக்கொள்வதற்காக மட்டும் எடுத்துக் கொடுப்பேன். உம்மாவுக்கு மறுத்ததை இனி யாருக்கும் மறுப்பதாக இல்லை. இதில் என்னோடு உடன்படாத ஆலிம்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று நான் தொழுகிறேன்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கேமரா என்ற பேச்சு வந்தாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும்: அந்தச் சொல்லே அரபியிலிருந்து வந்ததாம். அது உண்மையன்று. அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இருட்டறை என்னும் தொடரின் முன்பாதி. நமக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிதாபுல் மனாழிர் என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று நிறுவினார். ஒரு துளைக்கு முன்னே பல விளக்குகளை வரிசையாக வைத்து, துளைக்குப் பின்னுள்ள இருட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒளிப்புள்ளி விழுவதைக் கண்டார். ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டுமே மறைந்தது. ஒளிகள் துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை. இதை என் மாணவர்களுக்கு மின்தடை நேரத்தில் மூன்று மெழுகுவத்திகளையும், துளையிட்ட ஓர் அட்டையையும் வைத்துச் செய்துகாட்டினேன். அன்று வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

இனி அடிப்படைகளுக்கு வருகிறேன். பதினாறு வயதில் நான் கற்றது வெறும் பழக்கம். ஸ்டுடியோ வைத்திருந்த மாமா, "வெயிலில் இதை வை, நிழலில் அதை வை" என்று சொன்னார், வைத்தேன். ஏன் என்று கேட்டதில்லை. பொருள் அறியாமல் குர்ஆனை ஓதுவதைப் பற்றிப் பிள்ளைகளிடம் நான் பேசுவதெல்லாம் இப்போது என் பக்கமே திரும்பின. ஆகவே அலிஃப், பா-விலிருந்து தொடங்கினேன்.

துளையின் அளவு, ஷட்டரின் வேகம், ஃபிலிமின் ஒளியுணர்வு ஆகிய மூன்றும் ஒரே கணக்கின் மூன்று உறுப்புகள். துளையின் எண்கள் முதலில் குழப்பும். எண் பெரிதானால் துளை சிறிது. எஃப் 5.6-இலிருந்து எஃப் 8-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. அதை ஈடுசெய்ய ஷட்டரை இரு மடங்கு நேரம் திறந்துவைக்க வேண்டும். 1/250 நொடி இருந்த இடத்தில் 1/125. ஒன்றில் குறைத்ததை இன்னொன்றில் கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினைக் கணக்குப் பழகிய ஆலிம்களுக்கு இது கடினமே அன்று! ஒளிமானி பழுதடைந்தவர்களுக்கு ஒரு பழைய விதியும் உண்டு. நல்ல வெயிலில் துளையை எஃப் 16-இல் வைத்து, ஃபிலிமின் எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்தால் போதும். 200 எண் ஃபிலிமுக்கு 1/250. எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த விதி பொய்த்ததே இல்லை.

பொய்த்தது வேறிடத்தில். கேமராவை ஒரு தொழிலாளரிடம் கொடுத்துப் பூஞ்சையைத் துடைத்து, பஞ்சையும் மாற்றியபின், முதல் ரோலில் எங்கள் பள்ளிவாசலின் சுண்ணாம்புச் சுவர்களை எடுத்தேன். கேமராவின் உள்ளே பச்சை விளக்கு எரியும்வரை துளையைத் திருகி, மிகச் சரியாக எடுத்ததாக எண்ணினேன். கழுவி வந்த படங்களில் சுவர் அத்தனையும் அழுக்குச் சாம்பல். நல்ல வெள்ளை ஜிப்பாவை மூன்று நாள் உடுத்திய நிறம். காரணத்தைப் படித்து அறிந்தபோது சிரிப்பு வந்தது. ஒளிமானிக்கு வெள்ளை தெரியாது, கறுப்பும் தெரியாது. தான் காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது நம்புகிறது. வெள்ளைச் சுவரைக் காட்டினால், "இவ்வளவு ஒளியா, குறைத்துவிடு" என்கிறது. எனவே வெள்ளையை எடுக்கும்போது அது சொல்வதைவிட ஒன்று அல்லது இரண்டு படி கூடுதலாக ஒளியைக் கொடுக்க வேண்டும். கறுப்புப் புர்காவுக்கு நேர் எதிராகக் குறைக்க வேண்டும். அந்த ஒரு பிழை ஒரு முழு ரோலைத் தின்றது. முப்பத்தாறு படங்கள். இன்று ஒரு ரோலை வாங்கிக் கழுவுவதற்குள் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. மத்ரஸா ஆசிரியரின் ஊதியத்தில் அது வீண்விரயமாகாதா என்று என் மனைவி கேட்டது நியாயமே. அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒரு ரோல் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். பயிற்சியெல்லாம் மகளின் கைபேசியில். அதன் கேமராவில் புரோ என்று ஒரு முறை இருக்கிறது. ஷட்டரையும் ஒளியுணர்வையும் நாமே மாற்றலாம். பெரும்பாலான கைபேசிகளில் துளையை மட்டும் மாற்ற இயலாது. கற்பதற்கு இது போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஒளியைப் பற்றி எனக்குப் புதிதாகக் கற்பிக்க எவரும் தேவைப்படவில்லை என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஒரு பொருளின் நிழல், உச்சிப்பொழுதில் இருந்த நிழலைக் கழித்துப் பார்க்கையில், அந்தப் பொருளின் உயரமளவு நீளும்போது அஸர் தொடங்குகிறது. இதை முற்றத்தில் குச்சி நட்டு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். சூரியன் அந்தச் சரிவுக்கு வந்தபின்தான் கல்லின் செதுக்கல்கள் கண்ணுக்குப் புலப்படும். பக்கவாட்டில் விழும் ஒளிதான் மேடு பள்ளத்தைக் காட்டும். லுஹர் நேரத்து ஒளி எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஆக, என் படமெடுக்கும் வேளை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அமைந்தது.

அங்கேதான் சோதனையும் அமைந்தது. ஒளி மிக அழகாக இருப்பது மஃரிபுக்கு முந்தைய சில நிமிடங்கள். ஒருநாள் கடலோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் விலாப்பலகைகளில் செம்பொன்னாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒன்று என்று நின்றேன். பாங்கு முடிந்து, இகாமத்தும் கேட்டது. நான் பள்ளிக்குள் நுழைந்தபோது இரண்டாம் ரக்அத் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் என் மாணவர்கள் நின்றிருந்தார்கள். தாமதமாக வருபவர்களைக் கணக்கெடுப்பது என் வேலை. சலாம் கொடுத்ததும் ஒருவன் என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் பாங்குக்குக் கால் மணி நேரத்துக்கு முன் லென்சை மூடிவிடுகிறேன். சிறந்த படங்களைத் தவறவிடுகிறேன் என்பதும் உண்மைதான்.

நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேச வேண்டியதன் காரணம் வேறொன்று. சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸாவில் ஒரு சிறுவன் பாடத்தின் நடுவே வாய் திறந்து உறங்கிவிட்டான். இன்னொருவன் அதைக் கைபேசியில் எடுத்துக் குழுவில் போட்டான். அன்று மாலைக்குள் அது உறவினர் குழுக்கள் வரை போய்விட்டது. உறங்கிய பிள்ளை ஒரு வாரம் ஓத வரவில்லை. எடுத்தவனை அழைத்து விசாரித்தேன். "படம் எடுப்பது ஹராமா ஹஜ்ரத்?" என்று அச்சத்தோடு கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தது அந்த ஒரு கேள்வியை மட்டுமே. வீட்டில் உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது; எல்லோரும் எடுக்கிறார்கள். எனவே அந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை கிடைத்துவிட்டதாக அவன் எண்ணியிருக்கிறான். அதற்கு மேல் வேறு கேள்விகள் இருப்பதையே அவன் அறியவில்லை.

ஆகுமானது என்று முடிவானாலும், எடுக்கப்படுபவரிடம் கேட்டாயா? அவர் இல்லாத இடத்தில் இதைக் காட்டுவது, அவர் வெறுப்பதை முதுகுக்குப் பின்னால் பேசுவதைப் போன்றதுதானே? திருமண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம் யாருடைய கண்ணுக்கெல்லாம் போகிறது? பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளை லென்சுக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கும் பொருந்துமல்லவா? ஏழைக்குக் கொடுக்கும் பையை அவர் கையில் வைத்து, இருவரும் பற்றிக்கொண்டு கேமராவைப் பார்க்கும் படங்களை நம் அமைப்புகளே வெளியிடுகின்றன. அதைக் கண்டு என் மனம் கூசுகிறது. கஅபாவின் முன் நின்று அதற்கு முதுகு காட்டித் தன்னையே எடுத்துக்கொள்பவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எகிப்திய இராணுவ அதிகாரியான முஹம்மது சாதிக் பே 1861-இல் மதீனாவையும் 1880-இல் மக்காவையும் படமெடுத்தபோது, கனத்த கருவிகளையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒவ்வொரு தகட்டுக்கும் அவர் யோசித்திருப்பார்.

எண்ணி எடுக்க வேண்டியிருப்பதுதான் இந்தப் பழைய கருவி எனக்குச் செய்த பெரும் உதவி. முப்பத்தாறு படங்களே உண்டு என்றால் கை தானாகவே அடங்குகிறது. அந்தச் சிறுவனையும் அவன் தோழர்கள் நால்வரையும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அழைத்துப் போகிறேன். ஒருவருக்கு ஒரு படம். எதை எடுக்கப் போகிறோம், ஏன் என்று வாயால் சொன்ன பிறகே பொத்தானில் விரல் வைக்கலாம். உறங்கிய பிள்ளையும் இப்போது எங்களோடு வருகிறான். அவன்தான் ஒளிமானியைப் பார்த்துச் சொல்பவன்.

நாங்கள் இப்போது எடுத்துக்கொண்டிருப்பது எங்கள் ஊரின் பழைய பள்ளிவாசலை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ளவை போன்றே, இதுவும் கருங்கல் தூண்கள் தாங்கும் பள்ளி. தூண்களில் உயிருருவம் எதுவுமின்றித் தாமரையும் கொடியும் மட்டுமே செதுக்கியிருக்கிறார்கள். கோயில் கட்டிய கையின் பயிற்சியும் தொழுகையிடத்தின் ஒழுங்கும் ஒரே கல்லில் இருக்கின்றன. விரிவாக்கப் பணி என்ற பெயரில் அவற்றின் மேல் பளபளக்கும் ஓடு பதிக்க முடிவாகியுள்ளது. நிர்வாகத்தாரைக் குறை கூற நான் வரவில்லை. மழைக்காலத்தில் ஒழுகுகிறது, ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர்கள் புதுமையை விரும்புகிறார்கள். தூண்களை அப்படியே விடும்படி எழுதிக் கொடுத்தேன். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளே ஒளி மிகக் குறைவு. துளையை முழுவதும் திறந்தாலும் ஷட்டருக்கு 1/15 நொடி வேண்டியிருக்கிறது. ஐம்பது மில்லிமீட்டர் லென்சைக் கையில் பிடித்து எடுக்கையில் 1/60-க்குக் கீழே போனால் படம் கலங்கும். முக்காலி வாங்க வசதியில்லை. எனவே எதிரிலுள்ள தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்துகிறோம். சென்ற ரோலில் முப்பத்தாறில் ஏழு தேறின. அவற்றில் நான்கு அந்தச் சிறுவர்கள் எடுத்தவை.

இந்த ரோலில் இன்னும் பதினோரு படங்கள் மீதமிருக்கின்றன. ஓடு பதிப்பவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். வடக்கு வரிசைத் தூண்களைக் கடைசியில் தொடங்கும்படி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிறு அஸருக்குப் பின் மேகம் இல்லாமல் இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், முதல் படத்தை என் மகள் எடுப்பாள்.